கேஷும் காசும்: ஒரு சொற்பிறப்பு அகராதித் தளத்தின் மதிப்புரை

சென்ற ஆண்டு ஒரு பள்ளியின் இலக்கிய மன்றப் பேச்சுப் போட்டிக்கு நடுவராகச் சென்றிருந்தேன். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஆங்கிலத்துக்குத் தமிழ் தந்த சொற்களை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே வந்து, கடைசியில் ‘கேஷ்’ என்னும் சொல்லே நம்முடைய ‘காசு’தான் என்று சொல்லி நிறுத்தியபோது அரங்கம் முழுவதும் கைதட்டியது. நானும் கைதட்டினேன், முதல் பரிசும் அவளுக்கே கிடைத்தது. வீடு திரும்பும் வழியில்தான், இத்தனை ஆண்டுகளாக மேடைகளில் கேட்டும் சொல்லியும் வந்திருக்கிற இந்தச் செய்தியை நான் ஒருமுறைகூடச் சரிபார்த்ததில்லை என்பது உறைத்தது. அன்றிரவே, அவ்வப்போது பயன்படுத்திவந்த ‘ஆன்லைன் எடிமாலஜி டிக்ஷனரி’ என்னும் இணையதளத்தைத் திறந்து, இந்த ஒரு சொல்லுக்காக உட்கார்ந்து படித்தேன். அடுத்த சில வாரங்களும் அதோடேயே கழிந்தன. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அந்த நம்பிக்கையில் ‘கேஷ்’ என்ற ஒரே சொல்லை வைத்து இந்தத் தளத்தை இங்கே மதிப்பிடுகிறேன்.

சுருக்கமாக ‘எடிமான்லைன்’ என்று அழைக்கப்படும் இந்தத் தளத்தை அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த டக்ளஸ் ஹார்ப்பர் 2001 முதல் உருவாக்கி வளர்த்துவருகிறார். பல்கலைக்கழகமோ பெரிய பதிப்பகமோ தொடங்கிய முயற்சி அன்று இது. தனிமனிதர் ஒருவருடைய உழைப்பில் எழுந்தது. ஒரு சொல் இன்று என்ன பொருள் தருகிறது என்று சொல்வது இதன் வேலை இல்லை. அந்தச் சொல் அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னோ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னோ எப்படி ஒலித்தது, என்ன பொருளில் வழங்கியது என்பதைச் சொல்வதே வேலை. இன்றைய ஆங்கிலம் நடந்துவந்த வண்டித் தடங்களின் வரைபடம் என்று தளமே தன்னை அறிமுகம் செய்துகொள்கிறது. அந்த உவமை பொருத்தமானது என்பதைப் படிக்கப் படிக்க உணர்ந்தேன். பயன்படுத்துவதற்குக் கட்டணம் இல்லை. பக்கங்களில் விளம்பரங்கள் உண்டு. தேடற்பெட்டியில் சொல்லைத் தட்டச்சு செய்தால் அதற்குரிய பதிவும் அதை ஒட்டிய சொற்களின் பதிவுகளும் வரிசையாக வருகின்றன.

‘கேஷ்’ பதிவு பத்து வரிகளுக்குள் முடிந்துவிடுகிறது. அந்தப் பத்து வரிகளில் சொல்லப்பட்டிருப்பது இது: 1590-களில் ஆங்கிலத்தில் தோன்றிய இந்தச் சொல்லுக்கு முதலில் ‘பணப்பெட்டி’ என்றே பொருள், கையிலுள்ள நாணயம் என்ற பொருளும் அப்போதே உடன் இருந்தது. ‘கெஸ்’ என்று ஒலிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. பிரெஞ்சுக்கு அது தென் பிரான்சின் புரொவென்சால் மொழியிலிருந்தோ, ‘காஸ்ஸா’ என்ற இத்தாலியச் சொல்லிலிருந்தோ கிடைத்தது. எல்லாவற்றுக்கும் மூலம் லத்தீனின் ‘காப்ஸா’, அதாவது பெட்டி. பதினெட்டாம் நூற்றாண்டுக்குள் பெட்டி என்ற பொருள் உதிர்ந்துபோய், பெட்டிக்குள் இருந்த பணம் மட்டுமே சொல்லின் பொருளாக நின்றுவிட்டது.

இதைப் படித்தவுடன் எனக்கு நம்முடைய கடைத்தெருதான் நினைவுக்கு வந்தது. ‘இன்று கல்லா நன்றாகக் கட்டியது’ என்று கடைக்காரர் சொன்னால், பெட்டியைக் கயிற்றால் கட்டியதாக யாரும் நினைப்பதில்லை. வசூல் நன்றாக நடந்தது என்றே எடுத்துக்கொள்கிறோம். பெட்டியின் பெயர் அதற்குள் இருக்கும் பணத்துக்கு ஆகிவருகிறது. பள்ளியில் படித்த இடவாகுபெயர் இதுதானே! நம் இலக்கணம் பெயரிட்டு வைத்திருக்கும் அதே பொருள் மாற்றம், ஐரோப்பாவின் வணிக நகரங்களில் ‘கேஷ்’ என்ற சொல்லுக்கும் நேர்ந்திருக்கிறது. 1494-இல் வெனிஸ் நகரில் லூக்கா பச்சோலி வெளியிட்ட கணித நூலில் இரட்டைப் பதிவுக் கணக்குமுறை விளக்கப்படுகிறது. அங்கே ரொக்கக் கணக்குக்குப் பெயர் ‘காஸ்ஸா’, பெட்டி என்பதேதான். பணம் தொடர்பான பல ஆங்கிலச் சொற்களைப் போலவே இதுவும் இறுதியில் இத்தாலியைச் சென்றடைகிறது என்று எடிமான்லைன் ஒரு வரியில் குறிப்பிடுகிறது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் ‘பேங்க்’ என்பது பணம் மாற்றுவோர் உட்கார்ந்த பலகையைக் குறித்தது என்பதும், ‘பேங்க்ரப்ட்’ என்பது உடைந்த பலகை என்பதும் நிற்கின்றன. தளம் இவற்றைத் தனித்தனிப் பதிவுகளாக இணைத்து வைத்திருப்பதால், ஒன்றைத் தொட்டு மற்றொன்றுக்குப் போய்க்கொண்டே இருக்கலாம்.

இந்த இணைப்புகளைத்தான் இதன் பெரிய சிறப்பாக நான் கருதுகிறேன். ‘காப்ஸா’ என்பது ரோமானியர் சுவடிச் சுருள்களை வைத்துக் கொண்டுசென்ற உருளை வடிவப் பெட்டிக்கும் பெயர். அதிலிருந்து பெட்டியைக் குறிக்கும் ‘கேஸ்’ வந்தது. சிறுபெட்டி என்ற பொருளில் ‘கேப்ஸ்யூல்’ வந்தது. நாம் பாட்டுக் கேட்ட ‘கேசட்’ வந்தது. லாரிப் பட்டறைகளில் நாள்தோறும் ஒலிக்கும் ‘சேஸிஸ்’ வந்தது. இவற்றுக்கும் அப்பால் போனால், ‘பற்று, பிடி’ என்ற பொருளுடைய ‘கப்’ என்னும் தொல் இந்தோ-ஐரோப்பிய வேர், அதாவது ஐரோப்பிய, வட இந்திய மொழிகள் பலவற்றுக்கும் மூலமான மொழியின் வேர், தனிப் பக்கமாக விரிகிறது. அங்கே ‘ஹேவ்’ என்ற எளிய ஆங்கில வினைச்சொல்லும் இருப்பதைக் கண்டு சிறிது நேரம் திகைத்துப்போனேன். லத்தீனில் ககர ஒலியில் தொடங்கும் பழஞ்சொற்கள் ஆங்கிலம் உள்ளிட்ட ஜெர்மானிய மொழிகளில் ஹகர ஒலியில் தொடங்குவது ஓர் ஒழுங்கான மாற்றம். லத்தீனின் ‘கோர்னு’ ஆங்கிலத்தின் ‘ஹார்ன்’ ஆவதும் அதே விதிப்படியே. ஆகவே தோற்றத்தில் எந்த ஒற்றுமையும் இல்லாத ‘கேஷும்’ ‘ஹேவும்’ ஒரே வேரின் கிளைகள். வியப்பு அதோடு முடியவில்லை: பார்வைக்கு ‘ஹேவ்’ போலவே இருந்து, ‘உடைத்தாயிரு’ என்று ஏறக்குறைய அதே பொருளையும் தரும் லத்தீனின் ‘ஹபேரே’வுக்கும் அதற்கும் உறவு கிடையாது.

ஒலி ஒத்திருந்தால் உறவு என்று முடிவுகட்டும் பழக்கத்துக்கு இந்தத் தளம் ஒவ்வொரு பக்கத்திலும் மறுப்புச் சொல்லிக்கொண்டே போகிறது. போலீஸ் கேஸ் என்கிறோம், சூட்கேஸ் என்கிறோம். தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே ‘கேஸ்’. ஆங்கிலத்திலும் ஒரே எழுத்துக்கூட்டுதான். ஆனால் வழக்கைக் குறிக்கும் சொல், ‘விழு’ என்ற பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து, ‘நேர்ந்தது, வந்து விழுந்தது’ என்ற கருத்தில் பிறந்தது. எடிமான்லைன் அதற்கு 1 என்றும் பெட்டிக்கு 2 என்றும் எண்ணிட்டுத் தனித்தனியே வைத்திருக்கிறது. ‘கேஷியர்’ இன்னும் நுட்பமானது. பணம் வாங்கும் காசாளரைக் குறிக்கும் பெயர்ச்சொல் பெட்டியிலிருந்து வந்தது. படையிலிருந்து ஒருவரை அவமதிப்புடன் விலக்குவதைக் குறிக்கும் அதே எழுத்துக்களையுடைய வினைச்சொல்லோ, ‘வெறுமையானது, செல்லாதது’ என்னும் பொருளுடைய வேறொரு லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு, டச்சு மொழிகளின் வழியே வந்தது. இரண்டும் 1590-களில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தவை. பையைக் களவாடிய காசாளரை வேலையிலிருந்து நீக்கியதால் இந்த வினை உண்டாயிற்று என்று யாராவது ஒரு கதை கட்டினால், நம்மில் பலர் நம்பிவிடுவோம்.

இனி அந்த மாணவியின் கூற்றுக்கு வருகிறேன். ‘கேஷ்’ பதிவின் கடைசி வாக்கியம் அதற்கு நேரடியாக விடை தருகிறது. காலனிக் காலத்து ஆங்கிலத்தில் இந்திய நாணய முறையையும் சீன நாணயத்தையும் குறிக்க வழங்கிய இன்னொரு ‘கேஷ்’ உண்டு; அதற்கும் பெட்டியிலிருந்து வந்த ‘கேஷு’க்கும் பிறப்பில் உறவில்லை, ஆனால் முன்னது இந்த வடிவத்தைப் பெறுவதில் பின்னதன் செல்வாக்கு உண்டு; அந்த இன்னொரு சொல் தமிழ்க் ‘காசு’, சமஸ்கிருதக் ‘கர்ஷ’, சிங்களக் ‘காசி’ ஆகியவற்றைச் சார்ந்தது என்கிறது அந்த வாக்கியம். முதல் வாசிப்பில் சிறு ஏமாற்றம் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் இரண்டாம் முறை படித்தபோது, நாம் கைவிட வேண்டியது எது, நமக்கு உரியது எது என்பதை இவ்வளவு நேர்மையாக ஒரே வாக்கியத்தில் பிரித்துக் காட்டியிருப்பதை மதிக்கத் தோன்றியது. கடையில் நாம் ‘கேஷ்’ என்று நீட்டுகிற பணத்தின் பெயர் இத்தாலியப் பெட்டியிலிருந்து வந்தது. ஆனால் ‘கேஷ்’ என்று எழுத்துப் பொறித்து இந்த மண்ணில் புழங்கிய நாணயத்தின் பெயர், ஐயத்துக்கு இடமின்றி, நம் காசு.

இந்த இரண்டாவது கதையை எடிமான்லைன் விரிக்கவில்லை. அதைத் தேடி, இந்தியாவில் ஆங்கிலேயரிடையே வழங்கிய சொற்களைத் தொகுத்து 1886-இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதிக்குப் போனேன். அதைத் தொகுத்த இருவருள் ஒருவரான ஏ. சி. பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். போர்ச்சுகீசியர் இந்தியக் கடற்கரைகளில் காசு என்ற பெயரைக் கேட்டார்கள். தங்கள் மொழியில் பெட்டியைக் குறிக்கும் ‘கைஷா’ என்ற சொல்லின் வடிவிலேயே அதை எழுதினார்கள். அறியாத சொல்லை அறிந்த சொல்லின் அச்சில் வார்ப்பது எல்லா மொழியினரும் செய்வதுதான். மலாக்காவிலும் ஜாவாவிலும் புழங்கிய, நடுவே சதுரத் துளையிட்ட சீனச் செப்புக் காசுகளுக்கும் அவர்கள் அந்தப் பெயரையே சூட்டினார்கள். அவர்களிடமிருந்து வாங்கிய ஆங்கிலேயர், தங்களிடம் ஏற்கெனவே இருந்த ‘கேஷ்’ என்ற சொல்லோடு அதை ஒன்றாக்கிவிட்டார்கள். ஆக இரு சொற்களும் வெவ்வேறு தாய் வயிற்றில் பிறந்து, போர்ச்சுகீசியக் கப்பலில் சந்தித்து, ஆங்கிலத்தில் ஒரே முகத்தோடு இறங்கின. இன்றும் சீனத்தின் அந்தப் பழைய துளைக்காசுகளை உலகெங்கும் நாணயம் சேர்ப்போர் ‘கேஷ்’ என்றே அழைக்கிறார்கள். சீனத்தில் அந்தச் சொல் கிடையாது.

சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி நடத்திய கணக்கில் 80 காசு ஒரு ‘பணம்’ என்னும் நாணயம். 42 பணம் ஒரு வராகன் என்னும் பொன் நாணயம். எனவே ஒரு வராகனுக்கு 3,360 காசு. கம்பெனி தனது செப்புக் காசுகளை 1803-லும் 1808-லும் இங்கிலாந்தின் பர்மிங்காமில் மேத்யூ போல்ட்டனின் சோஹோ நாணயச் சாலையில் அடித்துச் சென்னைக்கு அனுப்பியது. அவற்றுள் இருபது காசு நாணயத்தின் பின்பக்கத்தில், ‘இருபது காஸ் நான்கு ஃபலூஸ்’ (ஃபலூஸ் என்பது செப்பு நாணயம்) என்ற பொருளில் ஒரு பாரசீக வரியும், அதன் கீழே ரோமன் எண்ணில் இருபது என்று போட்டு ‘கேஷ்’ என்ற ஆங்கிலச் சொல்லும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஒரே செப்புத் தகட்டில், ஒரே சொல், ஒரு வரியில் காஸ் என்றும் அடுத்த வரியில் கேஷ் என்றும் நிற்கிறது. இந்தக் காசுகளை டன் கணக்கில் ஏற்றிக்கொண்டு புறப்பட்ட ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. சென்னைக்கு வந்துசேராத அந்தக் காசுகள் பின்னாளில் கடலடியிலிருந்து எடுக்கப்பட்டு, இன்று நாணயக் கடைகளில் கிடைக்கின்றன. திருவிதாங்கூரிலோ 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய் என்ற கணக்கு, அந்த நாடு இந்தியாவோடு இணையும்வரை நடைமுறையில் இருந்தது. மேடையில் சொல்வதற்கு இதைவிடச் சிறந்த செய்தி வேறென்ன வேண்டும்?

தளத்தின் குறைகளாக நான் கருதுபவை இங்கேதான் தொடங்குகின்றன. தமிழ், சமஸ்கிருத, சிங்களச் சொற்களை ஒரே வரியில் அடுத்தடுத்து வைத்துவிட்டு, அவற்றுக்குள் எது எதிலிருந்து வந்தது என்பதை ஆராயாமல் நகர்ந்துவிடுகிறது. ஆங்கிலத்தின் வரலாற்றுக்கு அது போதும்; நமக்குப் போதாது. காசு என்ற சொல் தமிழில் மட்டுமன்றி மலையாளம், கன்னடம், தெலுங்கிலும் வழங்குகிறது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனைத் திறந்தால், பொன், நாணயம், மணி, மணிகள் கோத்த மேகலை என்று காசுக்குப் பொருள்கள் விரிகின்றன. வெண்பாவின் ஈற்றுச்சீருக்கு நாம் மனப்பாடம் செய்த ‘நாள், மலர், காசு, பிறப்பு’ என்ற வாய்பாட்டிலும் காசு இருக்கிறது. குற்றம் என்ற பொருளுடைய வேறொரு காசும் உண்டு. சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகியைப் புகழும்போது வரும் ‘காசறு’ என்பதற்குக் குற்றமற்ற என்று பொருள். ஆங்கிலத்தில் இரண்டு கேஷ் இருப்பதுபோலத் தமிழிலும் ஒலியொத்த காசுகள் உண்டு என்பதை எடிமான்லைனிடம் எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. ஆனால் தமிழ் வாசகர் அதோடு நின்றுவிடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். தமிழ் லெக்சிகன், ஹாப்சன்-ஜாப்சன், பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி ஆகிய மூன்றும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இவற்றையும் பக்கத்தில் திறந்துவைத்துக்கொண்டால்தான் படிப்பு முழுமையாகும்.

இன்னொரு குறை, சான்று வாக்கியங்கள் மிகவும் குறைவு. ‘1590-கள்’ என்று படிக்கிறோம்; யார், எந்த ஏட்டில், எந்தச் சூழலில் எழுதினார் என்பது பெரும்பாலான பதிவுகளில் தெரிவதில்லை. அதற்கு ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியைத்தான் நாட வேண்டும். 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்து, 1989-இல் இருபது தொகுதிகளாக இரண்டாம் பதிப்புக் கண்ட அந்தப் பேரகராதி, ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டுவாரியாக மேற்கோள்களை நிறுத்திக் காட்டுகிறது. நம் இரண்டு கேஷ்களையும் தனித்தனிப் பதிவுகளாகவே வைத்திருக்கிறது. ஆனால் அதன் இணையப் பதிப்பை முழுமையாகப் பார்க்கச் சந்தா கட்ட வேண்டும். பள்ளி ஆசிரியருக்கும் மாணவருக்கும் அது எளிதில் எட்டுவதில்லை. எடிமான்லைன் அந்தப் பேரகராதியையும் வேறு சொற்பிறப்பு அகராதிகளையும் கற்றுச் சாரத்தைத் தருவதால், நாள்தோறும் எழும் ஐயங்களுக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது.

புதிதாகப் பயன்படுத்துவோர் ஆண்டுகளைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பதிவில் கொடுக்கப்படும் ஆண்டு, சொல் பிறந்த ஆண்டு அன்று. கிடைத்திருக்கும் எழுத்துச் சான்றுகளில் மிகப் பழையதன் காலம் மட்டுமே. எழுதப்படுவதற்கு முன் அந்தச் சொல் வாய்வழக்கில் பல காலம் இருந்திருக்கலாம். நூற்றாண்டுகளையும் மொழிப் பெயர்களையும் சுருக்கக் குறியீடுகளால் எழுதும் வழக்கமும் முதலில் சற்று மிரட்டும். நான்கைந்து பதிவுகளுக்குப் பிறகு பழகிவிடும். தளம் ஆங்கிலம் தெரிந்தவர்களை மனத்தில் வைத்தே எழுதப்பட்டிருப்பதால், ஒன்பதாம் வகுப்புக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குப் பெரியவர் ஒருவர் உடன் உட்கார்ந்து விளக்க வேண்டியிருக்கும். நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் வாரம் ஒரு சொல் என்று எடுத்து வகுப்பில் நடத்தினால் மிகவும் பயன்படும். என் மதிப்பீட்டில் ஐந்துக்கு நான்கரை கொடுப்பேன். குறைத்த அரை, முன்னே சொன்ன சான்று வாக்கியங்களுக்காக.

அந்த மாணவிக்கு அவளுடைய ஆசிரியர் வழியாக ‘கேஷ்’ பதிவின் இணைப்பையும் 1808-ஆம் ஆண்டு இருபது காசு நாணயத்தின் படத்தையும் அனுப்பிவைத்தேன். நடுவராக இருந்த நானும் தெரியாமலேயே கைதட்டினேன் என்பதையும் எழுதியிருந்தேன். ஒரு வாரம் கழித்து அவளிடமிருந்து பதில் வந்தது. படத்தைத் தாத்தாவிடம் காட்டியதாகவும், அவர் ‘இது அந்தக் காலத்துத் துட்டு’ என்று சொன்னதாகவும் எழுதி, அப்படியானால் துட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தாள். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் வணிகம் செய்த டச்சுக்காரர்களின் ‘டுயிட்’ என்னும் செப்பு நாணயத்தைப் பற்றி ஒரு வரி எழுதி, தமிழ் லெக்சிகனின் இணைப்பை அனுப்பியிருக்கிறேன். மீதியை அவளே தேடிப் பார்த்து எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாள்.